இடைவேளையில் எழுந்து வந்தவர்

மாடு விற்கப் போன இடத்தில் இன்னாசிக்கு ஒரு குரு கிடைத்தார். தேடிப் போய்க் கிடைத்ததல்ல. இன்னாசி தேடிப் போனது ஒரு நல்ல விலையை.

மணப்பாறைச் சந்தையில் இன்னாசியைத் தெரியாத மாடு இல்லை. அடுத்தவர் மாட்டுக்குக் கயிறு பிடித்துப் பிழைப்பைத் தொடங்கியவர், இப்போது அவர் தலையசைக்காமல் ஒரு ஜோடி கைமாறாது என்னும் அளவுக்கு வளர்ந்திருந்தார். பள்ளிக்கூடம் அவரைப் பார்த்ததில்லை. ஏமாந்து ஏமாந்து படித்த படிப்பு. கோபம் மட்டும் சொந்தச் சம்பாத்தியம் அல்ல, அது அப்பா விட்டுப்போனது.

ஊருக்கு வெளியே பாறைக்காட்டில் ஒரு கிறிஸ்தவ ஆசிரமம் இருந்தது. இரண்டு ஓட்டு வீடு, ஒரு ஜெபக்கூடம், ஒரு கிணறு. நடத்தியவர் சகோதரி இமெல்டா. காவிச் சேலை, கழுத்தில் மரச்சிலுவை. வயதில் இன்னாசிக்குக் கடைசித் தங்கை மாதிரி. ஆனாலும் எல்லோருக்கும் அவர் இமெல்டாம்மா.

ஆசிரமத்துக்கு ஒரு பசு வேண்டும் என்றார்கள். இன்னாசி ஓட்டிக்கொண்டு போனார். பல்லைக் காட்டினார், மடியைக் காட்டினார், தாய்ப்பசுவின் பெருமையைச் சொன்னார். இமெல்டாம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

“பேசி முடிச்சிட்டீங்களா, தரகரே?”

“முடிச்சிட்டேம்மா. இனி நீங்க கேளுங்க.”

“இது எதுக்குப் பயப்படும்?”

பல்லைக் கேட்பார்கள், பாலைக் கேட்பார்கள், சுழியைக் கேட்பார்கள். பயத்தைக் கேட்ட ஆளை இன்னாசி கண்டதில்லை.

“குடையை விரிச்சா மிரளும்,” என்றார். சொன்ன பிறகுதான், உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று சுருக்கென்றது.

“அப்ப மழையில நான் நனைஞ்சுக்கறேன். கட்டுங்க,” என்றார் இமெல்டாம்மா.

அடுத்த வாரம் இன்னாசி மறுபடி வந்தார். மாட்டைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அதற்கடுத்த வாரமும் மாட்டைப் பார்க்கத்தான் வந்தார். மாட்டின் பக்கம் போகாமலே ஜெபக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போன நாளில், அவர் சீடராகிவிட்டார் என்று ஆசிரமத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, இமெல்டாம்மா நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு டவுன் தியேட்டரில் புதுப்படம் பார்க்கப் போவார். ஆசிரமத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை யாரோ முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

“ஆண்டவர் கதை சொன்னார். கதை கேட்கத் தெரியாம அவரை எப்படிக் கேட்கிறது?” என்றார் இமெல்டாம்மா.

படம் முடிந்து திரும்பும் வழியில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆசிரமத்தில் சேர்ந்து சாப்பிட வேண்டும். பிறகு, படத்தில் தனக்கு ஆகவே ஆகாத ஆள் யாரோ, அந்த ஆளுக்காக ஒவ்வொருவரும் ஜெபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு. பேச்சிலும் இமெல்டாம்மா கேட்பது இரண்டே கேள்விதான். இந்தப் படம் எதை நேசிக்கிறது? எதற்குப் பயப்படுகிறது?

இன்னாசிக்கு இந்தச் சுற்றுவழி பிடிபடவில்லை. அவருக்குப் படமும் மாடும் ஒன்றுதான்.

மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது சந்தையின் பழக்கம். இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது, அந்தச் சுழி இருந்தால் வீடு நிறையும் என்பார்கள். ஞானஸ்நானம் வாங்கிய இன்னாசி அதை நம்புவதில்லை. வாங்குகிறவன் நம்புகிறானே, அதனால் கற்று வைத்திருந்தார். அந்தக் கண்ணோடுதான் படமும் பார்த்தார். குடித்தால் ஒரு சுழி. கெட்ட வார்த்தைக்கு ஒரு சுழி. கட்டிப் பிடித்தால் ஒன்று, ரத்தம் தெறித்தால் ஒன்று. சிலுவை போட்டவன் வில்லனாக வந்தால் அது பெருஞ்சுழி. தோளில் கிடக்கும் துண்டை மடியில் போட்டு, அதற்குள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருப்பார். ஒரு கை நிறைந்தால் படம் தேறாது.

இந்தத் திறமை மாதா கோயிலுக்கும் பயன்பட்டது. புதுப்படம் வந்தால் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாக இன்னாசி அதைச் சொல்லட்டும் என்று பங்குப் பேரவை முடிவு செய்தது. மைக்கைப் பிடித்தார் என்றால் இரண்டே வார்த்தை. பார்க்கலாம். கூடாது. சந்தையில் போலவே கோயிலிலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஒருமுறை ஒரு பக்திப்படம் வந்தது. பணக்காரர் ஒருவர் மனம் திரும்பி அநாதை இல்லம் நடத்துகிறார். குடி இல்லை, அடி இல்லை, ஆட்டம் இல்லை. கடைசிவரை இன்னாசியின் விரல் ஒன்றுகூட மடங்கவில்லை.

“சுழி சுத்தமான படம்மா. மறு பேச்சே கிடையாது,” என்றார்.

இமெல்டாம்மா சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். “அந்த இல்லத்துல ஒரு பிள்ளையோட பேரைச் சொல்லுங்க.”

யாருக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்கும் படத்தில் பேர் வைத்திருக்கவில்லை.

“பேரே இல்லாம அத்தனை பிள்ளைங்க எதுக்கு வந்தாங்க?”

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? அந்த மனுசன் அள்ளிக் குடுக்கறதைக் காட்டணும்ல?”

“ம்,” என்று சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவ எழுந்துவிட்டார்.

அந்த ‘ம்’ இன்னாசிக்கு உறுத்தியது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ‘பார்க்கலாம்’ என்றுதான் சொன்னார்.

இன்னாசிக்கு ஒரே மகன், பெலிக்ஸ். கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். டிப்ளமோ முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அதிர்ந்து பேசாதவன். அவனைப் பற்றிச் சந்தையில் பேச்சு வந்தால் இன்னாசிக்கு நெஞ்சு நிமிரும்.

“சின்னதுல கேட்டான்யா, இல்லேங்கலை. சைக்கிள் கேட்டான், புதுசு. பேசிப் பேசிப் பழசுக்குக் கொண்டுவந்தேன். கீபோர்டு கேட்டான், பெருசு. பாதிக் கட்டை பேசாத ஒண்ணைப் பிடிச்சுக் குடுத்தேன். வாசிச்சானா இல்லையா? அப்புறம் பய பக்குவமாயிட்டான். என்னடா வேணும்னா, ஒண்ணும் வேண்டாம்ப்பாங்கறான். இந்தக் காலத்துல எவன் பிள்ளை அப்படிச் சொல்லுது?”

அப்படிப்பட்ட பெலிக்ஸ், ஒருநாள் தானாக வந்து அப்பாவின் எதிரே நின்றான்.

“அப்பா, இந்த வாரம் வந்திருக்கிற லாரிக்காரர் படத்துக்குத்தான் ஆசிரமத்துல போறீங்களாமே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அதை முழுசா பாருங்கப்பா. பார்த்துட்டு எங்கிட்ட பேசுங்க.”

“பார்த்துட்டாப் போச்சு,” என்றார் இன்னாசி.

சனிக்கிழமை போனார்கள். ஒரு லாரி டிரைவரும் அவன் மகனும்தான் கதை. இன்னாசியின் விரல்களுக்கு ஓய்வே இல்லை. டிரைவர் குடித்தான், கிளீனரை அடித்தான், வாயைத் திறந்தால் சாக்கடை. வட்டிக்குக் கொடுக்கும் வில்லன் கழுத்தில் கட்டை விரல் தடிமனுக்குச் சிலுவை. இடைவேளைக்குச் சற்று முன்னால், மகன் அப்பனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். திரை இருண்டு விளக்கு எரிந்தது.

இன்னாசி எழுந்துவிட்டார். இதைப் பார்க்கவா என் மகன் என்னை அனுப்பினான்? வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, படம் முடியும்வரை டீ மேல் டீயாகக் குடித்தார். இமெல்டாம்மா வெளியே வந்து அவரைப் பார்த்தார், வழக்கப்படி ஒன்றும் பேசவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் ஜெபம் சுற்றி வந்தது. இன்னாசியின் முறை.

“அப்பன் மேல கை வச்ச அந்தப் பயலுக்காக ஜெபிக்க எனக்கு வாய் வராது,” என்றார். ஜெபம் அடுத்தவருக்குப் போனது.

மறுநாள் பூசை முடிவில் மைக்கைப் பிடித்தவர் இரண்டு வார்த்தையோடு நிறுத்தவில்லை.

“லாரிக்காரன் படம் கூடாது. பெத்த தகப்பனை அடிக்கறவனை நல்லவன்னு காட்டுற படம். தாய் தகப்பனை மதிங்கற நாலாம் கட்டளையைக் காலில் போட்டு மிதிக்கறாங்க. நம்ம பங்குல ஒரு வீட்டுப் பிள்ளையும் அந்தத் தியேட்டர் வாசலை மிதிக்கக் கூடாது. யார் பார்க்கச் சொன்னாலும் சரி.”

கோயிலே கைதட்டியது. பாடகர் குழுவின் பக்கம் பெலிக்ஸ் கீபோர்டின் மேல் துணியைப் போர்த்திவிட்டு எழுந்து வெளியே போனான். இறுதிப் பாடலை இசையில்லாமல் பாடினார்கள்.

வீட்டில் பெலிக்ஸ் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் இன்னாசிக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலை குனிந்து சாப்பிட்டான், தட்டைக் கழுவினான், போனான்.

புதன்கிழமை சோறு வைத்துக்கொண்டே மனைவி புஷ்பமேரி சொன்னாள். “வெள்ளிக்கிழமை காலையில அவனுக்கு பிளேன். கத்தார்ல வேலை. வர மூணு வருஷம் ஆகுமாம்.”

இன்னாசியின் கை சோற்றிலேயே நின்றது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானாடி?”

“சொல்லத்தான் பார்த்தான். படம் பாருங்கன்னு வந்து நின்னான்ல?”

“படத்துக்கும் பிளேனுக்கும் என்னடி சம்பந்தம்?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே படம் பார்க்கறவரு.”

வியாழக்கிழமை காலை இன்னாசி ஆசிரமத்துக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து, கட்டியிருந்த பசு குடை இல்லாமலே மிரண்டது.

“அம்மா, அந்தப் படத்துல ரெண்டாம் பாதியில என்ன வருது? சொல்லுங்க.”

இமெல்டாம்மா ஜெபக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். “எதுக்கு?”

“நாளைக்கு மகன் கிளம்பறான். அவன் மனசுல என்ன இருக்குன்னு தெரியலை. அதுலதான் ஏதோ இருக்குன்னு தோணுது. விஷயம் என்னன்னு தெரிஞ்சா பேசி முடிச்சிருவேன். முப்பது வருஷமா அதைத்தானே பண்றேன்?”

“ஒரு மாட்டை நீங்க பார்க்காம, அடுத்தவர் சொல்லக் கேட்டு விலை வச்சிருக்கீங்களா?”

“என் ஆயுசுல இல்லை.”

“ம்.”

“இந்த ‘ம்’மை மட்டும் சொல்லாதீங்கம்மா! எரியுது! நான் பாதியில எழுந்து போனது உங்களுக்குத் தெரியும்ல? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்கலையே.”

இன்னாசி அங்கேயே தரையில் உட்கார்ந்தார். கோபம் போன இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

இமெல்டாம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். “பெலிக்ஸ் உங்ககிட்ட என்ன கேட்டான்?”

“அந்தப் படத்தை முழுசா பார்க்கச் சொன்னான்.”

“நீங்க எவ்வளவு குடுத்தீங்க?”

“பாதி பார்...” என்று சொல்ல வந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

வெளியே பசு கழுத்து மணியை ஆட்டியது.

“துண்டுக்குள்ள எப்படி விலை பேசுவீங்க? எனக்குக் காட்டுங்க,” என்றார் இமெல்டாம்மா.

இந்த நேரத்தில் இது எதற்கு என்று இன்னாசிக்குத் தோன்றியது. ஆனாலும் குரு கேட்டது தொழிலை. துண்டை எடுத்து இருவர் கைக்கும் மேலாகப் போட்டார்.

“ஊர் பார்க்க வாயால விலை சொன்னா நாலு பேர் குட்டையைக் குழப்புவான். அதனால துணிக்கடியில விரல் பிடிச்சுச் சொல்றது. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு. அவன் பிடிப்பான், நான் உதறுவேன். நான் பிடிப்பேன், அவன் உதறுவான். எங்க, கையைக் குடுங்க... ஐயையோ, அப்படி வைக்கக் கூடாதும்மா!”

துண்டுக்குள் இமெல்டாம்மாவின் உள்ளங்கை மேல் நோக்கித் திறந்து கிடந்தது.

“ஏன்? என்ன தப்பு?”

“உள்ளங்கையைத் திறந்து வச்சா, நீ சொல்றதுதான் விலை, நான் பேரம் பேசலைன்னு அர்த்தம். தரகன் செத்தாலும் அப்படி வைக்க மாட்டான்.”

“யாருமே வச்சதில்லையா?”

“புத்தி கெட்டவன் வைப்பான்.”

இமெல்டாம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தார். இன்னாசியும் பார்த்தார். சுவரில் சிலுவை, அதில் ஆண்டவர். மரத்தில் செதுக்கிய இரண்டு உள்ளங்கைகளும் திறந்திருந்தன.

“அது வேற கணக்கும்மா,” என்றார் இன்னாசி, அவசரமாக.

“வேறதான்,” என்றார் இமெல்டாம்மா. துண்டை மடித்து இன்னாசியின் தோளில் போட்டார். “மத்தியானக் காட்சி ரெண்டரைக்கு. இன்னைக்கோட படத்தைத் தூக்கறாங்க.”

“நானா? மைக்ல கூடாதுன்னு சொன்ன படத்துக்கு நானே டிக்கெட் எடுத்தா ஊர்ல என்ன பேசுவாங்க?”

“அது எனக்குத் தெரியாதே,” என்றார் குரு. மறுபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

தியேட்டருக்கு நேர் எதிரே வேதமுத்துவின் செருப்புக்கடை. வேதமுத்து பங்குப் பேரவை உறுப்பினர். கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர், டிக்கெட் சன்னலில் நிற்பது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு தெருவே கேட்கச் சத்தம் போட்டார்.

“யாரு, இன்னாசி அண்ணனா? வாசலையே மிதிக்கக் கூடாதுன்னீங்க! எங்க வீட்டுல பேரப்பிள்ளை மூணு நாளா அழுவுது, நான் கூட்டிட்டு வரலை. இப்ப நீங்களே உள்ள போறீங்க?”

டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. வேறு நாளாக இருந்திருந்தால் இன்னாசி தெருவைத் தாண்டிப் போய் அந்த வாயைத் தைத்துவிட்டு வந்திருப்பார். காதுமடல் கொதித்தது. டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை பாதிதான் பார்த்துட்டுச் சொன்னேன், வேதமுத்து. மீதியைப் பார்க்கப் போறேன்.”

“பாதியா? அடப்பாவி மனுசா! பாதிப் படத்துக்கா நாங்க அப்படிக் கைதட்டினோம்?”

“ஆமா,” என்று சொல்லிவிட்டு இன்னாசி உள்ளே போனார்.

மீதியை மட்டும் பார்க்கலாம்தான். ஆனால் முதலிலிருந்தே உட்கார்ந்தார். கடைசி நாள் என்பதால் கூட்டம் இல்லை. மின்விசிறிகள்தான் சத்தம் போட்டன. துண்டு மடியில் கிடந்தது. குடி வந்தபோது விரல் மடங்கியது. வசவு வந்தபோது மடங்கியது. மகன் கை ஓங்கியபோது கையே முஷ்டியானது. இடைவேளை விளக்கு எரிந்தது. எழவில்லை.

இரண்டாம் பாதியில் கதை பின்னால் போனது. அந்த மகன் சிறுவனாக இருக்கிறான். எதைக் கேட்டாலும் டிரைவர் அப்பன் சிரித்துக்கொண்டே குறைக்கிறான். கோபமாக அல்ல, ஆசையாகத்தான். பிள்ளையோடு பேரம் பேசுவது அவனுக்குக் கொஞ்சுவது மாதிரி. ஒரு திருவிழாக் கடைத்தெருவில் அப்பன் குனிந்து கேட்கிறான், என்னடா வேணும், சொல்லு. பையன் பொம்மைகளைப் பார்க்கிறான். அப்பனைப் பார்க்கிறான். சொல்கிறான்.

“ஒண்ணும் வேண்டாம்ப்பா.”

திரையில் அப்பன் பெருமையாகச் சிரித்தான். கேமரா அப்பனை விட்டுவிட்டுப் பையனின் முகத்திலேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அந்த முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

தான் சந்தையில் அதே சிரிப்பைச் சிரித்தது இன்னாசிக்கு ஞாபகம் வந்தது. ஒருமுறை அல்ல.

துண்டுக்குள் விரல்கள் எண்ணுவதை எப்போது நிறுத்தின என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் அந்த டிரைவர், ஒரு மூட்டை பாரம்கூட ஏற்றாமல், வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு மகன் இருக்கும் ஊருக்குப் போனான். வாழ்நாளில் வெறும் வண்டி ஓட்டியறியாதவன். கதவைத் தட்டினான். கதவு திறந்தது. இருவரும் பேசுவதற்கு முன் படம் முடிந்துவிட்டது.

விளக்கு எரிந்தது. பெருக்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள். இன்னாசிக்கு ஆசிரமத்து வழக்கம் நினைவுக்கு வந்தது. முழந்தாளிட இடம் இல்லை. இருக்கையில் உட்கார்ந்தபடியே, அந்த அப்பனுக்காக ஜெபித்தார். முடிக்க நேரம் பிடித்தது.

வீட்டில் பெலிக்ஸ் பெட்டிக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா வந்து நின்றதைக் கண்டும் நிமிரவில்லை. புஷ்பமேரி அடுப்பங்கரைக்குள் போய்க்கொண்டாள்.

இன்னாசி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்துத் தன் வலக்கை மேல் போட்டு, கையை மகனுக்கு நேராக நீட்டினார்.

பெலிக்ஸ் நடக்கத் தொடங்கிய வயதில் கற்ற விளையாட்டு அது. எத்தனையோ வருடங்களாக விளையாடாதது. அவன் கையிலிருந்த சட்டையைப் பெட்டியில் போட்டான். பிறகு, விருப்பமில்லாதவன் போல, தன் கையை உள்ளே விட்டான். சட்டென்று நிமிர்ந்தான்.

“அப்பா, கை திறந்திருக்கு.”

“தெரியும்.”

“எதுக்குன்னு தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்களா?”

“முழுசா பார்த்துட்டேன்டா,” என்றார் இன்னாசி. “நீ சொல்லு.”

சனிக்கிழமை தூறல் போட்டது. இன்னாசி ஆசிரமத்துக்கு வரும்போது இமெல்டாம்மா பசுவை மேய்ச்சலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். இன்னாசி தன் குடையை வாசலுக்கு வெளியிலேயே மடக்கிக்கொண்டு, நனைந்தபடி கூட நடந்தார்.

“கிளம்பிட்டானா?”

“நேத்துக் காலையில. ஏர்போர்ட் வரைக்கும் நானும் போனேன்.”

பசுவைக் கட்டினார்கள். இன்னாசி வைக்கோலை உதறிப் போட்டார்.

“நாளைக்கு மைக்ல என்னம்மா சொல்றது? படம் போயிருச்சு, ஆனா போன வாரம் சொன்னதைத் திருத்தணும்ல?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“அந்தக் குடிக் காட்சி நீளம். வேணும்னே இழுத்திருக்கான். அப்புறம், வட்டிக்காரன் கழுத்துலதான் சிலுவையைத் தொங்கவிடணுமா? ஊர்ல வேற ஆளே இல்லையா? இதை நான் விடறதா இல்லை.”

“விடாதீங்க. எனக்கும் அது எரிச்சல்தான்.”

“சரி. அப்ப பார்க்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

இமெல்டாம்மா சேலை முந்தானையைப் பிழிந்தார். “பெலிக்ஸ் பேசினானா?”

“பேசினான்.” இன்னாசி வைக்கோலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வெளியில சொல்ற மாதிரி இல்லை. என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வர ரொம்ப நேரமாச்சு.”

“வந்துச்சா?”

“கடைசியில வந்துச்சு.”

“நடுவுல எழுந்திருக்கணும்னு தோணலையா?”

“தோணாம? கோபம் மண்டைக்கு ஏறிருச்சு. ஒரு இடத்துல காலைக்கூட ஊனிட்டேன். ஆனா எழுந்திருக்கலை.”

“ஏன்?”

இன்னாசி கையில் மிச்சமிருந்த வைக்கோலையும் உதறிப் போட்டார்.

“அவன் இன்னும் முடிக்கலையேம்மா.”

“மைக்ல அதைச் சொல்லுங்க,” என்றார் இமெல்டாம்மா.